வாசிக்க மாட்டேன் என்றவர் வெள்ளை மாளிகையில் வாசித்தது ஏன்? செல்லோ மேதை பாப்லோ காசல்ஸின் கதை

1961 நவம்பர் 13, திங்கட்கிழமை இரவு. அமெரிக்க அதிபரின் வெள்ளை மாளிகையில் ஒரு கச்சேரி. வாசிப்பவர்கள் மூன்றே பேர். ஒரு பியானோ, ஒரு வயலின், ஒரு செல்லோ. எதிரே அதிபர் ஜான் எஃப். கென்னடியும் அவரது மனைவி ஜாக்குலினும் அமர்ந்திருந்தனர்.

செல்லோ வாசித்த முதியவருக்கு அடுத்த மாதம் 85 வயது நிறையப் போகிறது. அவர் பெயர் பாப்லோ காசல்ஸ். ஸ்பெயின் சர்வாதிகாரி பிராங்கோவை அங்கீகரிக்கும் நாடுகளில் வாசிக்க மாட்டேன் என்று அறிவித்து, பல ஆண்டுகள் அதில் உறுதியாக நின்றவர். அந்தப் பட்டியலில் அமெரிக்காவும் உண்டு.

அப்படிப்பட்டவர் அமெரிக்க அதிபரின் வீட்டுக்கே போய் ஏன் வாசித்தார்? கொள்கையை விட்டுக்கொடுத்தாரா? இல்ல, அதுவும் போராட்டத்தின் ஒரு பகுதிதானா? விரிவாகப் பார்க்கலாம்.

செல்லோ, சேம்பர் மியூசிக் - அப்படின்னா என்ன?

செல்லோ, வயலின் குடும்பத்தைச் சேர்ந்த கருவி. நான்கு தந்திகள் கொண்டது. நாற்காலியில் உட்கார்ந்து, கருவியை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, வில்லால் வாசிப்பார்கள். வயலினை விடக் கீழான, கனமான நாதம். மனிதக் குரலுக்கு மிக நெருக்கமானது என்று பலரும் சொல்வது இதைத்தான்.

சேம்பர் மியூசிக் என்பது மேற்கத்திய இசையில் ஒரு சிலர் மட்டும் சேர்ந்து வாசிக்கும் வகை. நூறு பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ரா கிடையாது. முன்னால் நின்று கை அசைத்து நடத்துபவரும் கிடையாது. ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டு வாசிக்க வேண்டும். பெரிய அரங்குக்காக இல்லாமல், ஒரு கூடத்தில் கேட்பதற்காகவே உருவான இசை இது.

இந்த இசையில் 20-ம் நூற்றாண்டின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று காசல்ஸ்.

சுரைக்குடுக்கையில் தொடங்கிய பயணம்

ஸ்பெயினின் வடகிழக்கில் இருக்கும் பகுதி கட்டலோனியா. தனி மொழி, தனிப் பண்பாடு கொண்ட மண். அங்கே எல் வென்ட்ரெல் என்ற சிறிய ஊரில் 1876 டிசம்பர் 29 அன்று காசல்ஸ் பிறந்தார். உலகம் அவரை பாப்லோ என்று அழைத்தது. ஆனா கட்டலான் மொழியில் அவர் பெயர் பாவ். அந்த மொழியில் பாவ் என்றால் அமைதி என்றும் பொருள்.

அப்பா கார்லஸ், ஊர் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துப் பாடகர் குழுவை நடத்தியவர். அம்மா பிலார், கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் கட்டலோனியாவிலிருந்து அங்கே குடியேறியவர்கள். இந்தத் தீவு பின்னாளில் மகனின் வாழ்க்கையில் முக்கியமான இடத்தைப் பிடிக்கும்.

வீட்டில் பணம் இல்லை, இசை மட்டும் நிறைய இருந்தது. பியானோ, வயலின், ஆர்கன் எல்லாம் சின்ன வயதிலேயே கைவந்தன. ஒருநாள் ஊருக்கு வந்த நாடோடி இசைக்குழு ஒன்றில், விசித்திரமான ஒற்றைத் தந்திக் கருவி ஒன்றைப் பையன் பார்த்தான். அதே போல வேண்டும் என்றான். அப்பா ஒரு சுரைக்குடுக்கையில் தந்தி கட்டிக் கொடுத்தார். அதுதான் அவரது முதல் செல்லோ என்றே சொல்லலாம்.

நிஜமான செல்லோவின் நாதத்தைக் கேட்டபோது அவருக்கு 11 வயது. அதைக் கேட்ட நாளிலிருந்து வேறு கருவி மேல் மனசு போகவில்லை. இசை சோறு போடாது, தச்சு வேலைக்குப் போகட்டும் என்பது அப்பாவின் எண்ணம். அம்மா விடவில்லை. 1888-ல் பையனைக் கூட்டிக்கொண்டு பார்சிலோனா போய், நகராட்சி இசைப் பள்ளியில் சேர்த்துவிட்டார்.

பழைய கடையில் கிடைத்த புதையல்

பார்சிலோனாவில் செலவுக்குப் பணம் வேண்டுமே. ஒரு காபி விடுதியில், மூன்று பேர் கொண்ட குழுவில் தினமும் இரவு வாசிக்கத் தொடங்கினார் சிறுவன் காசல்ஸ். அந்தக் குழுவுக்குப் புதுசா ஏதாவது இசைக்குறிப்பு கிடைக்குமா என்று 1890-ல் அப்பாவும் மகனும் ஒரு பழைய கடையில் தேடினார்கள்.

அங்கே கிடைத்தது, ஜெர்மானிய மேதை பாக் தனிச் செல்லோவுக்காக எழுதிய ஆறு தொகுப்புகள். ஒவ்வொன்றிலும் ஆறு பகுதிகள். 1720 வாக்கில் எழுதப்பட்டவை. துணைக்குப் பியானோ கிடையாது, வேறு எந்தக் கருவியும் கிடையாது. ஒரே ஒரு செல்லோ, ஒரே ஒரு ஆள்.

அந்தக் காலத்தில் இவற்றை விரல் பழகுவதற்கான பாடங்கள் மாதிரிதான் பார்த்தார்கள். எப்போதாவது ஒரு பகுதியை மட்டும் மேடையில் வாசிப்பார்கள். ஒரு தொகுப்பை முழுசா வாசித்தால் கூட்டம் தாங்காது என்பது பொதுவான நம்பிக்கை.

13 வயதுப் பையன் அதை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பழகத் தொடங்கினான். மேடையில் ஒரு தொகுப்பை முழுதாக வாசிக்கும் துணிச்சல் வருவதற்கு 12 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. இன்று உலகில் செல்லோ கற்கும் எல்லோரும் அந்தத் தொகுப்புகளைத் தொடாமல் மேலே போக முடியாது. அந்த இடத்தை அவற்றுக்கு வாங்கிக் கொடுத்தவர் காசல்ஸ்.

வாசிக்கும் முறையையும் அவர் மாற்றினார். அன்று மாணவர்களின் வலது கை அசையக் கூடாது என்பதற்காக, அக்குளில் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு வாசிக்கச் சொல்வார்கள். கையைக் கட்டிப்போட்டால் நாதம் எப்படிச் சுதந்திரமாக வரும் என்று யோசித்தார் காசல்ஸ். கையை விடுவித்தார். இடது கை விரல்களை விரித்து வைக்கும் முறையையும் புதுசா வகுத்தார். செல்லோ வாசிப்பு அவருக்கு முன், அவருக்குப் பின் என்று பிரியும் அளவுக்கு அது பெரிய மாற்றமாக அமைந்தது.

பரிசைத் தட்டிவிட்டவர், பட்டினி கிடந்தவர்

காபி விடுதியில் அவர் வாசிப்பதைக் கேட்ட இசையமைப்பாளர் ஆல்பெனிஸ், அரண்மனைக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் கொடுத்தார். அதன் பலனாக மாட்ரிட்டில் அரசி மரியா கிறிஸ்டினாவின் உதவித்தொகை கிடைத்தது. மேற்கொண்டு படிக்க 1895-ல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸுக்கு அனுப்பப்பட்டார்.

அங்கே நடந்தது, காசல்ஸ் எப்படிப்பட்ட ஆள் என்பதைச் சொல்லிவிடும். வகுப்புக்குப் போன முதல் நாள், பேராசிரியர் மாணவர்கள் முன்னிலையில் அவரைக் கிண்டல் செய்தார். எல்லாப் பாட்டும் தெரியும் என்கிறாரே இந்த ஸ்பானியர் என்று வகுப்பே சிரித்தது. காசல்ஸ் வாசித்துக் காட்டினார். சிரிப்பு அடங்கியது. பேராசிரியர் தனியாக அழைத்து, தன் வகுப்பில் சேர்ந்தால் முதல் பரிசு உறுதி என்றார். அவமானப்படுத்திய இடத்தில் படிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு மறுநாளே பாரிஸுக்கு ரயில் ஏறினார்.

விளைவு? அரண்மனை உதவித்தொகை நின்றுபோனது. பாரிஸில் ஒரு கேளிக்கை அரங்கில் சொற்பச் சம்பளத்துக்கு வாசித்தார். அம்மா துணி தைத்துக் கொடுத்துக் காசு சேர்த்தார். ஒருநாள் அம்மா தன் நீண்ட கூந்தலை வெட்டி விற்றுவிட்டு வீடு திரும்பியதை மகன் கடைசி வரை மறக்கவில்லை.

மறுப்பதற்கு ஒரு விலை இருக்கிறது. அதை அவர் 18 வயதிலேயே கொடுத்துப் பார்த்துவிட்டார்.

முதல் வெள்ளை மாளிகைக் கச்சேரி

நல்ல காலம் சீக்கிரமே திரும்பியது. 1899-ல் இங்கிலாந்தில் விக்டோரியா மகாராணி முன் வாசித்தார். அதே ஆண்டு பாரிஸில் ஒரு பெரிய ஆர்கெஸ்ட்ராவோடு வாசித்த கச்சேரி அவரை ஐரோப்பா முழுக்கப் பேச வைத்தது.

அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தபோது, சான் பிரான்சிஸ்கோ அருகே மலையேறும்போது ஒரு பாறை உருண்டு வந்து இடது கையை நசுக்கியது. செல்லோக்காரருக்கு இடது கை விரல்கள்தான் எல்லாமே. ஆனா அந்த நொடியில் மனசில் வந்தது, இனி வாசிக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்ற நிம்மதிதான் என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். அவ்வளவு பெரிய மேதைக்கும் மேடை பயம் கடைசி வரை போகவில்லை. கை குணமானது, பயணம் தொடர்ந்தது.

1904 ஜனவரி 15 அன்று, அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் முன்னிலையில் வெள்ளை மாளிகையில் முதல் முறையாக வாசித்தார். அப்போது வயது 27.

அடுத்து வந்தது அவரது புகழ்பெற்ற மூவர் குழு. 1905-ல் பியானோ கலைஞர் கோர்ட்டோ, வயலின் கலைஞர் திபோ இருவருடன் சேர்ந்து தொடங்கியது. மூன்று பேருமே தனித்தனியாக நட்சத்திரங்கள். ஆனால் சேர்ந்து வாசித்தால் யாரும் யாரையும் முந்தமாட்டார்கள். அவர்களின் பழைய இசைத்தட்டுகளை இன்றைக்கும் ரசிகர்கள் தேடிப் பிடித்துக் கேட்கிறார்கள்.

தொழிலாளிகளுக்காக ஓர் அரங்கம்

பணமும் புகழும் வந்ததும் காசல்ஸ் சொந்த மண்ணுக்குத் திரும்பினார். 1920-ல் பார்சிலோனாவில் தன் பெயரில் ஓர் ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கினார். ஊரில் நம்பியவர்கள் குறைவு. பல ஆண்டுகள் கைக்காசைப் போட்டுத்தான் அதை நடத்தினார். வெளிநாட்டில் செல்லோ வாசித்துச் சம்பாதித்தது, இங்கே இசைக் கலைஞர்களின் சம்பளமாகப் போனது.

1926-ல் இன்னொரு படி மேலே போனார். குறைந்த வருமானம் உள்ளவர்கள் மட்டுமே உறுப்பினராக முடியும் என்ற விதியோடு ஒரு தொழிலாளர் இசைச் சங்கம் உருவானது. பெயரளவுக்குச் சந்தா. ஞாயிறு காலைகளில் ஆலைத் தொழிலாளிகளும் கடைச் சிப்பந்திகளும் வந்து அதே ஆர்கெஸ்ட்ராவைக் கேட்டார்கள். நல்ல இசை பணக்காரர்களின் சொத்து இல்லை என்பதை அவர் பேச்சோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

1931-ல் ஸ்பெயினில் மன்னராட்சி போய்க் குடியரசு வந்தது. கட்டலோனியாவுக்குத் தன்னாட்சியும் கிடைத்தது. காசல்ஸ் அதை மனப்பூர்வமாக வரவேற்றார். அவர் வாழ்நாள் முழுக்கப் பற்றிக்கொண்ட கனவு அந்தக் குடியரசுதான்.

ஒத்திகை நடுவே வந்த சேதி

1936 ஜூலை 18. பார்சிலோனாவில் ஒரு பெரிய நிகழ்ச்சிக்காகப் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார் காசல்ஸ். மனிதர்கள் எல்லோரும் சகோதரர்கள் என்று பாடும் இசை அது.

கடைசிப் பகுதி தொடங்கும் முன் ஒருவர் ஓடிவந்து சேதி சொன்னார். ராணுவம் கிளர்ச்சி செய்கிறது, நகரம் எந்த நேரமும் தாக்கப்படலாம், நிகழ்ச்சி ரத்து, எல்லோரும் வீட்டுக்குப் போங்கள். காசல்ஸ் குழுவினரைப் பார்த்தார். மறுபடி எப்போது சந்திப்போம் என்று தெரியாது, முடித்துவிட்டுப் போகலாமா என்று கேட்டார். எல்லோரும் சம்மதித்தார்கள். வாசித்து, பாடி, முடித்துவிட்டுத்தான் கலைந்தார்கள். அந்தக் குழு பழையபடி மறுபடி கூடவே இல்லை.

ஜெனரல் பிராங்கோ தரப்புக்கும் குடியரசுக்கும் நடந்த உள்நாட்டுப் போர் கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் நீடித்தது. ஹிட்லரும் முசோலினியும் பிராங்கோவுக்கு உதவினார்கள். பிரிட்டனும் பிரான்சும் ஒதுங்கி நின்றன. காசல்ஸ் பிடிபட்டால் அவர் கைகளை வெட்டுவேன் என்று பிராங்கோவின் தளபதி ஒருவர் வானொலியில் மிரட்டியதைப் பின்னாளில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அந்தப் போர் ஆண்டுகளில்தான் பாக்கின் ஆறு தொகுப்புகளையும் லண்டனிலும் பாரிஸிலும் இசைத்தட்டுக்காக வாசித்தார். 1936-ல் தொடங்கி 1939-ல் முடிந்தது அந்தப் பதிவு. இன்றும் உலகம் கேட்கும் பதிவு அது.

1938 அக்டோபரில் பார்சிலோனாவில் குழந்தைகளுக்கான நிதிக்காக ஒரு கச்சேரி. இடைவேளையில் வானொலி வழியாக உலக நாடுகளிடம் நேரடியாகப் பேசினார். ஸ்பானியக் குடியரசைச் சாகவிட்டால், அடுத்து உங்கள் வீட்டுக்கும் தீ வரும் என்பதே அவர் சொன்னதன் சாரம். ஓராண்டுக்குள் இரண்டாம் உலகப் போர் வந்தே விட்டது.

அகதியாக வாழ்ந்த ஆண்டுகள்

1939 ஜனவரியில் பார்சிலோனா விழுந்தது. லட்சக்கணக்கான மக்கள் எல்லை தாண்டிப் பிரான்சுக்குள் ஓடினார்கள். கடற்கரை மணலில் முள்வேலி போட்டு அவர்களை அடைத்து வைத்தார்கள். கூரை இல்லை, மருந்து இல்லை, குளிர் மட்டும் இருந்தது.

காசல்ஸ் எல்லையை ஒட்டிய பிராட் என்ற சிற்றூரில் தங்கினார். அது பிரான்சில் இருந்தாலும் மக்கள் பேசுவது கட்டலான். அங்கிருந்து முகாம்களுக்கு உணவும் துணியும் அனுப்பினார். உலகெங்கும் நண்பர்களுக்கு உதவி கேட்டு ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதினார். அகதிகளுக்காக நிதி திரட்டக் கச்சேரிகள் செய்தார்.

1940-ல் பிரான்ஸ் வீழ்ந்தபோது கப்பலில் தப்பிக்க முயன்றார். ஏற இருந்த கப்பல் கண்ணிவெடியில் மூழ்கிப்போனது. திரும்பவும் பிராட். நாஜி அதிகாரிகள் வீடு தேடி வந்து பெர்லினில் வாசிக்க அழைத்தார்கள். மறுத்தார். இங்கேயே எங்களுக்காக வாசியுங்கள் என்றார்கள். அதற்கும் மறுத்தார். இத்தனைக்கும் அப்போது வீட்டில் சூடேற்றக் கரிகூடச் சரியாகக் கிடையாது.

மௌனம் என்ற ஆயுதம்

1945-ல் போர் முடிந்தது. ஹிட்லர், முசோலினி போய்விட்டார்கள், அடுத்து பிராங்கோதான் என்று காசல்ஸ் நம்பினார். இங்கிலாந்தில் அவர் கச்சேரிகளுக்குக் கூட்டம் அலைமோதியது.

ஆனா நாட்கள் போகப் போக உண்மை புரிந்தது. வென்ற நாடுகளுக்குப் பிராங்கோவை அகற்றும் எண்ணமே இல்லை. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் கௌரவப் பட்டம் தர முன்வந்தன. வேண்டாம் என்றார். மீதமிருந்த கச்சேரிகளை ரத்து செய்துவிட்டு பிராட் திரும்பினார். பிராங்கோ ஆட்சியில் இருக்கும் வரை, அதை ஏற்கும் நாடுகளில் வாசிக்க மாட்டேன் என்பது முடிவு.

இப்படி மறுப்பது அவருக்குப் புதுசு இல்லை. ஹிட்லர் வந்தபின் ஜெர்மனியில் வாசிப்பதை நிறுத்தியவர். அதற்கு முன்பே புரட்சிக்குப் பிந்தைய ரஷ்யாவிலும் வாசிக்க மறுத்தவர். இடது, வலது என்று பார்த்து அவர் மறுக்கவில்லை. மனிதர்கள் நசுக்கப்படும் இடமா என்பதுதான் கேள்வி.

ஆனால் இந்த முறை மறுத்தது கிட்டத்தட்ட உலகத்தையே. 68 வயதில், கையில் வித்தை இருக்கும்போதே, வருமானத்தையும் கைதட்டலையும் உதறிவிட்டு ஒரு கிராமத்தில் உட்கார்ந்துவிட்டார்.

உலகம் என்ன செய்தது? 1946-ல் ஸ்பெயினிலிருந்து தூதர்களைத் திரும்பப் பெறச் சொன்ன ஐ.நா., 1950-ல் அந்தத் தீர்மானத்தைக் கைவிட்டது. 1953-ல் அமெரிக்கா பிராங்கோவுடன் ராணுவத் தள ஒப்பந்தம் போட்டது. 1955-ல் ஸ்பெயின் ஐ.நா. உறுப்பினரே ஆகிவிட்டது. சோவியத் யூனியனுக்கு எதிரான பனிப்போரில் பிராங்கோ பயன்படும் ஆளாகத் தெரிந்தார்.

அவர் வராவிட்டால் நாமே போகலாம்

1950, பாக் இறந்து 200-வது ஆண்டு. வயலின் கலைஞர் அலெக்சாண்டர் ஷ்னைடர் ஒரு யோசனை சொன்னார். நீங்கள் வெளியே வந்து வாசிக்க வேண்டாம், நாங்கள் உங்களிடம் வருகிறோம் என்பதுதான் அது. காசல்ஸ் இறங்கி வந்தார்.

அந்த ஜூன் மாதம் பிராட் ஊர் தேவாலயத்தில் இசை விழா. ஐசக் ஸ்டெர்ன், ருடால்ஃப் செர்கின், ஜோசப் சிகெட்டி, கிளாரா ஹாஸ்கில் என்று உலகப் பெயர்கள் எல்லாம் சின்ன ஊரில் கூடின. வசூலில் ஒரு மருத்துவமனைக்கும் உதவி போனது. அந்த விழா இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது.

பிரான்சும் பிராங்கோவை ஏற்ற நாடுதானே, அங்கே வாசிக்கலாமா என்று கேட்கலாம். அது அவர் தஞ்சம் புகுந்த வீடு. அந்த வீட்டு வாசலைத் தாண்டாமல் வாசிப்பது விதிக்குள்தான் வரும் என்று அவர் எடுத்துக்கொண்டார். விரிசல் இல்லாத சுவர் இல்லை அது. மனிதர் கட்டிய சுவர்.

1955 டிசம்பரில் முதல் முறையாக அம்மா பிறந்த போர்ட்டோ ரிக்கோவைப் பார்க்கப் போனார். அந்தத் தீவு அவரைப் பிடித்துக்கொண்டது. அங்கேயே குடியேறினார். 1957-ல் அவர் பெயரில் தொடங்கவிருந்த விழாவின் ஒத்திகையில் மாரடைப்பு வந்தது. நாற்காலி காலியாக இருக்க, ஷ்னைடர் முன்னின்று விழாவை நடத்தினார். அதே ஆண்டு தன் மாணவி மார்த்தா மொன்டானேஸை மணந்தார். அவருக்கு 80, மணமகளுக்கு 20. ஊர் பேசியது. ஆனால் அடுத்த 16 ஆண்டுகள் அவர் வாழ்ந்ததும் வேலை செய்ததும் மார்த்தாவின் துணையோடுதான்.

1958 அக்டோபர் 24 அன்று நியூயார்க்கில் ஐ.நா. பொதுச்சபை அரங்கில் வாசித்தார். அது அமெரிக்க மண்ணில் இருந்தாலும், எந்த ஒரு நாட்டுக்கும் சொந்தமில்லாத சர்வதேச இடம். அணு ஆயுதங்களுக்கு எதிரான அவரது செய்தியும் அதோடு வெளியானது.

சரி, வெள்ளை மாளிகைக்குப் போனது ஏன்?

1961-ல் போர்ட்டோ ரிக்கோ ஆளுநர் லூயிஸ் முனோஸ் மாரினைக் கௌரவித்து கென்னடி விருந்து கொடுத்தார். அதில் வாசிக்க காசல்ஸுக்கு அழைப்பு வந்தது. போர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவின் ஆட்சிக்குட்பட்ட தீவு. ஆளுநர் காசல்ஸின் நெருங்கிய நண்பர்.

அவர் முன் இரண்டு வழிகள் இருந்தன. மறுத்தால் கொள்கை முழுசா இருக்கும், ஆனா பழைய செய்திதான். போனால் கொள்கையில் ஒரு கீறல் விழும், ஆனால் உலகின் அதிக அதிகாரம் கொண்ட மனிதரிடம் ஸ்பெயினைப் பற்றி முகத்துக்கு நேராகப் பேசலாம்.

அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். கென்னடி மேல் இருந்த நம்பிக்கையால்தான் வருகிறேன் என்று கடிதத்தில் தெளிவுபடுத்தினார். கச்சேரிக்கு முன் இருவரும் தனியாகச் சந்தித்தார்கள். ஸ்பெயின் பற்றியும் உலக அமைதி பற்றியும் பேசினார்கள்.

பிறகு கிழக்குக் கூடத்தில் சுமார் 150 விருந்தினர்கள். கோப்லேண்ட், பெர்ன்ஸ்டைன், பார்பர் என்று அமெரிக்காவின் முன்னணி இசையமைப்பாளர்கள் பலர் வந்திருந்தனர். 1904-ல் இதே மாளிகையில் அவர் வாசித்ததைக் கேட்ட ஒருவரும் இருந்தார். ரூஸ்வெல்ட்டின் மகள் ஆலிஸ்தான் அவர். இடைவெளி 57 ஆண்டுகள்.

பியானோவில் ஹோர்ஷோவ்ஸ்கி, வயலினில் ஷ்னைடர். மெண்டல்சனின் மூவர் இசை, ஷூமனின் ஒரு படைப்பு, கூப்பெரினின் சில துண்டுகள். நிகழ்ச்சி வானொலியில் ஒலிபரப்பானது, இசைத்தட்டாகவும் வந்தது. அதில் உற்றுக் கேட்டால் நாதத்துக்கு நடுவே முனகல் போல ஒரு சத்தம் கேட்கும். தன்னை மறந்து வாசிக்கும்போது முதியவர் எழுப்பும் ஒலி அது.

கடைசியாக, நிகழ்ச்சி நிரலுக்கு வெளியே ஒரு பாடல். பறவைகளின் பாடல் என்ற கட்டலான் நாட்டுப்புற கிறிஸ்துமஸ் பாட்டு. நாடு இழந்த நாளிலிருந்து அவர் கச்சேரியை முடிப்பது அந்தப் பாட்டில்தான். பிராங்கோ ஒடுக்கிய ஒரு மொழியின் பாட்டு, பிராங்கோவின் நட்பு நாட்டு அதிபர் மாளிகையில் ஒலித்தது.

பலன் கிடைத்ததா?

அரசியல் கணக்கில் பார்த்தால், இல்லை. அமெரிக்காவின் ஸ்பெயின் கொள்கை மாறவில்லை. ராணுவத் தள ஒப்பந்தம் 1963-ல் புதுப்பிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் கென்னடி கொல்லப்பட்டார். கென்னடி அறிவித்திருந்த அதிபரின் சுதந்திரப் பதக்கம் காசல்ஸுக்குப் பின்னர் வழங்கப்பட்டது.

ஆனா வேறொரு கணக்கும் உண்டு. அந்த ஒரு இரவைப் பற்றி எழுதிய செய்திகளில் எல்லாம், இவர் ஏன் இத்தனை நாள் வாசிக்கவில்லை என்ற விளக்கமும் சேர்ந்தே வந்தது. ஸ்பெயினை மறந்துவிட்ட நாட்டுக்கு அது மறுபடி நினைவூட்டப்பட்டது. 16 ஆண்டு மௌனம் இல்லாமல் இருந்திருந்தால், அந்தக் கச்சேரி ஒரு விருந்துக்குப் பிந்தைய பொழுதுபோக்காகவே முடிந்திருக்கும்.

அதன்பின் அவர் வீட்டில் முடங்கவில்லை. தன்னுடைய எல் பெசெப்ரே என்ற பெரிய இசைப் படைப்பை எடுத்துக்கொண்டு, அமைதிக்கான பயணமாக நாடு நாடாகப் போய் நடத்தினார். 1971-ல் ஐ.நா.வுக்காக ஒரு கீதத்துக்கு இசையமைத்து, 94 வயதில் அங்கே நேரில் நடத்தினார். பொதுச்செயலாளர் ஊ தாண்ட் அவருக்கு ஐ.நா. அமைதிப் பதக்கம் அளித்தார். அன்றும் பறவைகளின் பாடலைச் செல்லோவில் வாசித்தார்.

ஊர் திரும்பிய நாள்

1973 அக்டோபர் 22 அன்று போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் காசல்ஸ் காலமானார். வயது 96. பிராங்கோ அப்போதும் ஆட்சியில் இருந்தார். அவர் இறந்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1975 நவம்பரில். சுதந்திர ஸ்பெயினைப் பார்க்க வேண்டும் என்ற காசல்ஸின் ஆசை நிறைவேறவில்லை.

ஸ்பெயினில் ஜனநாயகம் திரும்பியது. கட்டலோனியாவின் தன்னாட்சியும் திரும்பியது. 1979 நவம்பரில் அவரது உடல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து எடுத்து வரப்பட்டு, பிறந்த ஊரான எல் வென்ட்ரெல்லில் அடக்கம் செய்யப்பட்டது. 40 ஆண்டுகளுக்கு முன் விட்டுப்போன கடற்கரை வீடு இப்போது அருங்காட்சியகம். பக்கத்திலேயே அவர் பெயரில் ஓர் இசை அரங்கமும் இருக்கிறது.

கலைஞர்கள் அரசியல் பேசலாமா, ஒரு நாட்டைப் புறக்கணித்தால் என்ன ஆகிவிடும் என்ற கேள்விகள் இன்றும் ஓயவில்லை. காசல்ஸின் வாழ்க்கை அதற்கு எளிய பதில் எதையும் தரவில்லை. அவர் மௌனம் ஒரு சர்வாதிகாரியைக் கூட வீழ்த்தவில்லை. ஆனா அந்த மௌனத்துக்கான விலையை அவர் வேறு யாரையும் கொடுக்கச் சொல்லவில்லை. முழுசா தானே கொடுத்தார்.

அவரது பாக் பதிவுகளும், அந்த வெள்ளை மாளிகைக் கச்சேரியும் இணையத்தில் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. மேற்கத்திய இசை பழக்கமில்லாதவர்கள் பறவைகளின் பாடலிலிருந்து தொடங்கலாம். சில நிமிடங்கள்தான். புரிந்துகொள்ள எந்த இசை இலக்கணமும் தேவையில்லை.